தும்மலுக்கு நாள் பார்த்த கதை

பூவை எண்ணலாம், காயை எண்ணலாம். பூ உதிர்க்கிற பொடியை எண்ணுவதற்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது, அதில் சேர்ந்தவருக்கு முதலில் கண் போகும், அப்புறம் ஊரில் மானம் போகும்.

மூக்கு உள்ள சகோதர சகோதரிகளே! காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மித் தீர்த்துவிட்டுத்தான் காபியைத் தொடுகிற கூட்டம் நீங்கள் என்றால், இந்தக் கோமதி உங்களுக்காகத்தான் உழைத்தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006-ல் தாவரவியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் எந்த மாதம் எந்தப் பூவின் மகரந்தம் காற்றில் பறக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மிஷின். பின்னால் சேவல் வால் மாதிரி ஒரு தகடு இருக்கும். காற்று அடிக்கிற பக்கம் மிஷின் தானே திரும்பிக்கொள்ளும். முன்னால் கீறல் மாதிரி சின்ன வாய். மோட்டார் ஓட ஓட அந்த வாய் ராப்பகலாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஓர் உருளை, அதன்மேல் பசை தடவிய நாடா. உருளை, சாவி கொடுத்த கடிகாரம் போல மெதுவாகச் சுற்றும். எந்த மணிக்கு எந்தப் பொடி உள்ளே வந்ததோ, அது நாடாவில் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை உருளையை மாற்றி, நாடாவை நாளுக்கு ஒரு துண்டாக வெட்டி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கழுத்து ஒடிய எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதை என் அப்பாவுக்கு மூச்சு முட்ட விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே இருந்த அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "நீ ஒண்ணும் பயப்படாத. பொண்ணு மாடியில போயி காத்து வாங்கப் போவுதாம், அதுக்குச் சம்பளம் தராங்களாம்!"

மாடி வேட்டை

மிஷினை வைக்க உயரமான மொட்டை மாடி வேண்டும். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி சுலபமாகக் கிடைத்துவிட்டது. சிதம்பரத்தில்தான் நாக்கு தள்ளிப்போனது. கோயிலைச் சுற்றி நாலு வீதியிலும் நான் ஏறாத படி இல்லை. ஒருவர் செல்போன் டவர் என்று நினைத்து வாசலிலேயே மறித்தார். இன்னொருவர் வீட்டு உச்சியில் இரும்பு வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். கடைசியாகக் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ராமலிங்கம் மாமா வீட்டுக்குப் போனேன். உரக்கடை வைத்திருந்தார். கிள்ளைப் பக்கம் அவருக்குப் பூர்வீக நிலம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பப் பார்த்தார்.

அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு தும்மல் சத்தம். அடுத்தது இன்னொன்று. அப்புறம் பட்டாசுச் சரம் மாதிரி நிற்காமல். நான் விடுவேனா? "தும்மல் எதனால வருதுன்னு கண்டுபிடிக்கத்தாங்க இந்த மிஷினு" என்று எடுத்துவிட்டேன். அதைக் கேட்டு அவர் மனைவி மங்கையர்க்கரசி அத்தை ஈரக் கையோடு ஓடி வந்தார். தும்மியது அவர்கள் ஒரே பெண் சுதா, நர்சரி பள்ளி டீச்சர். மாசி பிறந்தால் தும்மல் ஆரம்பித்துவிடும். வந்த முதல் வரன், தட்டு மாற்றக் கை நீட்டிய நேரத்தில் அவள் ஒரே ஒரு தும்மல் போட்டதில் போய்விட்டது. உங்களுக்குத் தெரியாததா, ரெட்டைத் தும்மல் என்றால் சுபம், ஒத்தைத் தும்மல் என்றால் கிளம்பின காரியம் உட்கார்ந்துவிடும். இரண்டாவது வரனுக்கு முன்ஜாக்கிரதையாக டாக்டரிடம் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தும்மல் வரவில்லை, தூக்கம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பெண் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் அத்தை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. சுதாவோ பின்னால் நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் கல்யாண ஆசை இருந்தது என்பதும், 'நோயாளிப் பெண்' என்று ஊர் பேசுவது அவளைக் குத்தியது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இந்த மிஷினு தும்மல உறிஞ்சி எடுத்துடுமாம்மா? அப்படின்னா மாடியில எதுக்கு, எங்க சுதா கட்டிலுக்குப் பக்கத்துல வையி!"

தூக்கு இல்லாத சாப்பாடு

வாரா வாரம் உருளையை ஒரு வட்டமான தகர டப்பாவில் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போவேன். நாடாவில் விரல் பட்டால் ஒரு வாரத்துக் காற்று நாசம். அதனால் கூட்டம் நெருக்கினால் நான் கத்துகிற கத்தலில் டிரைவர் பிரேக் போடுவார். குழந்தை வைத்திருப்பவர்களுக்குக்கூட அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

கண்டக்டருக்கு ரொம்ப நாளாக அந்த டப்பாமேல் ஒரு கண். மேடு பள்ளத்தில் பஸ் குதித்த ஒரு நாள், "பிரியாணியா மேடம்? வாசமே வரலயே" என்றார். நானும் எரிச்சலில், "ஒரு வாரத்துச் சிதம்பரம் காத்து, பத்திரமா கொண்டு போறேன்" என்றேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, டப்பாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "காத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா வேணாமான்னு எனக்குத் தெரியாது மேடம், டிப்போவுல கேட்டுச் சொல்றேன்."

ஆயுத பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து, ஆபீஸ் பையன் கழற்றிக்கொண்டு வந்திருந்த நாடாவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், உடம்பெல்லாம் முள் முள்ளாக மகரந்தம், ஒரே கும்பல். எங்கள் திட்டத்துக்குத் தலைவர் தணிகாசலம் சார். எதைப் பார்த்தாலும் அது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிற நல்ல மனுஷன். குனிந்து பார்த்தவர் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "கோமதி! பார்த்தீனியம்! சிதம்பரத்தையே பார்த்தீனியம் முழுங்குது!" என்றார். மறுநாள் காலையிலேயே குடையும் தொப்பியுமாக என்னையும் இழுத்துக்கொண்டு, அந்த விஷச் செடியைத் தேடிக் காலி மனை, ரயில் பாதை, குப்பைமேடு எல்லாம் அலைந்தார். ஊரையே முழுங்குகிற அளவுக்கு எங்கேயும் காணோம்.

சாயந்திரம் கால் ஓய்ந்து மாடிக்குப் போனால், மிஷின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நெற்றி என்று தோன்றிய இடத்தில் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். வாய்க்குக் கீழே கனமாக ஒரு சாமந்தி மாலை, வாடிப்போய் உதிர்ந்துகொண்டிருக்கிறது. சாமந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பம், ரெண்டின் மகரந்தத்துக்கும் முள் உண்டு. சார் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில், "யார் அத்தை இப்படிப் பண்ணது?" என்று கீழே பார்த்துக் கத்தினேன். மங்கையர்க்கரசி அத்தைக்கு என்னைவிடக் கோபம் வந்துவிட்டது: "உங்க மாமா சைக்கிளுக்கு மாலை, கடை தராசுக்கு மாலை. எம்பொண்ணுக்காக ராவும் பகலும் காத்தக் குடிச்சுக் கெடக்குற மிஷினுக்கு ஒரு மாலை போட்டா அது குத்தமா?"

கடலூரில் ஒரு கேள்வி

கடலூர் மிஷின் பள்ளிக்கூடத்து மாடியில் இருந்ததால் அங்கே மாலை, சந்தனம் எதுவும் இல்லை, கேள்விகள்தான் ஜாஸ்தி. ஒருநாள் நான் கீழே இறங்கும்போது, பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா வழி மறித்தார். தெற்கே, தொழிற்சாலைகள் இருக்கிற பக்கம் அவர் வீடு. என்ன மிஷின் என்று கேட்டார், சொன்னேன். எந்தப் பூ எந்த மாதம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். வேப்பம்பூ, புல், சவுக்கு என்று நான் அடுக்க அடுக்க, படிப்பாளி மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எனக்கோ பெருமை பிடிபடவில்லை. இந்த ஊரில் என் வேலையை மதித்துக் கேட்கிற முதல் ஆள்! "வேற ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்கக்கா" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்: "பூ வாசனைய எண்ணறதுக்கு இவ்ளோ பெரிய மிஷினு இருக்கு, எங்க தெருவுல அடிக்கிற நாத்தத்த எண்ண மட்டும் எங்க மூக்குதானா?"

சவுக்குத் தோப்பு

சனிக்கிழமை நான் உருளை மாற்றப் போகும்போதெல்லாம் சுதாவும் மாடிக்கு வந்துவிடுவாள். துணி காயப்போட்டுக்கொண்டே, "இந்த வாரம் செவ்வாக்கெழம சாயந்திரம் உயிர் போச்சு, வியாழன் பரவால்ல" என்று ஒப்பிப்பாள். முதலில் அதைச் சும்மா பேச்சு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாசியில், அவள் சொன்ன நாளையும் நாடாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் தும்மிய நாளில் எல்லாம் ஒரே மகரந்தம்தான் குவிந்திருந்தது. நுங்குக்கு மூன்று கண் இருக்கிற மாதிரி மூன்று கண் வைத்த குட்டி உருண்டை. சவுக்கு! கிழக்கே கடற்கரை ஓரத்துத் தோப்புகளிலிருந்து கடல் காற்றோடு கிளம்பி வந்து, நேராக இவள் மூக்கில் ஏறியிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை பிள்ளையார் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். சுதா, "அப்பாடா, எனக்கு வியாதி இல்ல, விரோதிதான் இருக்கு" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடமும் போய்ச் சொன்னோம். தூக்கம் வராத மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் தும்மல் பாதி குறைந்தது, மீதி சவுக்கு பூக்கிற நாளில் வராமல் இல்லை. நல்ல செய்திதானே, மாமாவுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்கிறது என்று பார்த்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கடலோரக் கிள்ளையில் அவர் நிலம் முழுக்க சவுக்குதான். வெட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அவ கல்யாணச் செலவுக்குன்னு நான் நட்ட மரம்மா அது!"

ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரை

இனி நாள் நட்சத்திரத்தோடு எங்கள் நாடாவையும் பார்ப்பது என்று அத்தை முடிவு செய்துவிட்டார். வரன் வருகிற தை, மாசி, பங்குனியில்தான் சவுக்கும் பூக்கிறது, என்ன செய்ய? ஆனால் நாடாவில் மணிக் கணக்கும் இருக்கிறதே! தணிகாசலம் சார் ஒரு மாதத்து நாடாக்களை வரிசையாக அடுக்கி, மறுபடியும் நாற்காலியோடு எழுந்தார். தினமும் மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை நாடா துடைத்துவிட்ட மாதிரி சுத்தம், ஒரு பொடி இல்லை. "பூவெல்லாம் மத்தியானத்துல ஓய்வு எடுக்குது கோமதி! இது உலகத்துக்கே புதுசு!" என்றார். பெண் பார்க்க மூன்று மணி என்று குறித்துக் கொடுத்தோம்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து நல்ல குடும்பம். மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் வேலை. மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில் கரண்ட் இல்லை. ஆளுக்கு ஒரு நியூஸ் பேப்பரை எடுத்து விசிறிக்கொண்டோம். புழுக்கம் தாங்காமல் மாமா ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார், ஜிலுஜிலுவென்று கடல் காற்று வந்தது. நானும் சுகமாக விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, எம்.எஸ்சி. படித்த இந்த மண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சுதா காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரில் கை வைத்தார். ஒரே ஒரு தும்மல். அதுவும் எப்பேர்ப்பட்ட தும்மல்! தட்டு ஆடி, காபி அவர் வேட்டியில் இறங்கியது. அவர்கள் கும்பிடு போட்டுக் கிளம்பியபோது அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. அந்த மிஷினை நாலு வார்த்தை கேட்கலாம் என்று மாடிக்கு ஓடினேன். மிஷின் கம்மென்று நிற்கிறது. மோட்டார் ஓடவில்லை. அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது. உருளைக்குச் சாவி, அது சுற்றும். காற்றை இழுக்கிற மோட்டாருக்குக் கரண்ட் வேண்டுமே! ஓய்வு எடுத்தது பூ இல்லை, மின்சாரம். சந்து முனைக் கம்பத்தில் லைன்மேன் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருந்தார். "ஏங்க, தினமுமா ரெண்டு மணிக்குக் கட்டு?" என்று அங்கிருந்தே கத்தினேன். அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்: "ஊருக்கே ரெண்டுலேருந்து நாலு கட்டுதான் மேடம், உங்க பூவுக்குன்னு தனி லைனா இழுக்க முடியும்?"

பால்காரருக்கு முன்னால்

சார் வெட்கப்பட்டுக்கொண்டே மிஷினுக்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்தார். இந்தத் தடவை நாடா உண்மையைச் சொன்னது: கடல் காற்று கிளம்புகிற மத்தியானம்தான் மோசம், விடியற்காலையில் காற்று சுத்தம். அடுத்த வரன் காடாம்புலியூர். முந்திரித் தோப்பும் கொட்டை வறுக்கிற கொட்டகையும் வைத்திருக்கிற குடும்பம். அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் தோதுப்பட்டது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். ஒன்பதுக்கு மேல் என்றால் எங்களுக்குப் பயம். ஆக, விடிந்தும் விடியாமல் வந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். இந்த லட்சணத்தில் மாப்பிள்ளையின் அம்மா பவுனாம்பாள் சகுனத்துக்குப் பேர்போனவர். யாராவது ஒத்தையாகத் தும்மினால் திரும்ப வீட்டுக்குள் போய், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். வேனிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமன், வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அத்தையையும், சைக்கிள் கேனோடு அப்போதுதான் வந்த பால்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முனகினார்: "பொண்ணு பாக்க வந்தமா, பால் கறக்க வந்தமா?"

சுதா தும்மவில்லை. காபி கொடுத்தாள், தும்மவில்லை. உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினாள், தும்மவில்லை. பவுனாம்பாள் முகம் மலர்ந்துவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள். நான் மிஷினைத் துடைக்கிற சாக்கில் அங்கே நின்றேன். இதைக்கூடச் செய்யாவிட்டால் அப்புறம் நான் என்ன மனுஷி! மாப்பிள்ளை இளங்கோ மிஷினைப் பார்த்து, "இது என்னாங்க?" என்று கேட்டார். சுதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நேராகச் சொல்லிவிட்டாள். "இது எனக்காக வெச்சதுன்னே வெச்சுக்குங்க. மாசி, பங்குனியில எனக்குத் தும்மல் தாங்காது. இன்னிக்கு வரலன்னா அதுக்கு நேரம் பாத்துதான் உங்களை விடியக்காலையில வரச் சொன்னோம். மறைச்சுக் கட்டிக்க எனக்கு இஷ்டம் இல்ல."

என் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. பாவி, இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் இவளே போட்டு உடைத்துவிட்டாளே! ஆனால் அந்த நிமிஷத்தில் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இளங்கோ குனிந்து மிஷின் வாயை எட்டிப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொட்ட வறுக்குற புகையிலயே வளந்த மூக்குங்க இது, மொளகா வத்தல அடுப்புல போட்டாக்கூட எனக்குத் தும்மல் வராது. ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே தும்மிக்குங்க!"

முகூர்த்தம்

வைகாசியில் கல்யாணம். கிள்ளைச் சவுக்கை வெட்டி மாமா செலவுக்கு எடுத்துக்கொண்டார். விரோதி போகிற போக்கில் உபகாரம் செய்துவிட்டுப் போனது. மாலை கட்டுகிறவரிடம் நானே போய், சாமந்தி ஒரு இதழ்கூடக் கூடாது, ரோஜாவும் சம்பங்கியும் மட்டும்தான் என்று நின்று கட்டவைத்தேன். விடியற்கால முகூர்த்தம். முதல் நாளே நாடாவைப் பார்த்தாயிற்று, காற்று சுத்தம். முன்வரிசையில் சாருக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு, என்னமோ நானே பெற்று வளர்த்த மாதிரி பெருமையில் இருந்தேன்.

ஐயர் ஓமத்தில் நெய்யை ஊற்றி, ஈரச் சமித்தைப் போட்டார். குபுகுபுவென்று புகை கிளம்பியது. மகரந்தத்தை எண்ணினோமே, புகையை யார் எண்ணினது! சுதாவின் மூக்கை எனக்குத் தெரியும். முதலில் ஓரம் துடிக்கும், அப்புறம் கண் மேலே போகும். துடித்தது. மேலே போனது. இளங்கோ கையில் தாலி, அவள் கழுத்துக்குப் பக்கத்தில். "ஹச்!"

ஒன்று. அதற்குமேல் வரவில்லை. வேண்டாதபோதெல்லாம் சரம் சரமாக வருகிற தும்மல், இன்றைக்கு ஒன்றோடு நின்றுவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்துவிட்டதே என்று அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார். தவில்காரர் குச்சியைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார். பவுனாம்பாள் மெதுவாக எழுந்தார். இன்னொரு தும்மல் போடு தாயே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். நடராஜரிலிருந்து என் மைக்ராஸ்கோப் வரை எல்லோரையும் வேண்டிக்கொண்டேன்.

"ஹா... ஹாஆஆச்சூ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தும்மியது இளங்கோ. தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, காடாம்புலியூருக்கே கேட்கிற மாதிரி. பவுனாம்பாள் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ரெட்டைத் தும்மல்! ரெட்டைத் தும்மல்! என்னய்யா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கொட்டுங்கய்யா மேளத்த!" என்று அவரே கத்தினார். கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, தாலி ஏறியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்தில் சாரும் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து மேடைக்குப் போய் வாழ்த்தும்போது, மாப்பிள்ளை காதோரம் குனிந்து கேட்டேன்: "கொட்ட வறுத்த மூக்குக்குத் தும்மலே வராதுன்னீங்களே?" சுதா குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். இளங்கோ முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "எண்ணறது உங்க வேலைங்க, நீங்க ரெண்டுன்னு எண்ணிக்குங்க."

அத்தனை வருஷம் காற்றை எண்ணி நான் கண்ட முடிவு இவ்வளவுதான்: எந்த மாதம் எந்தப் பூ மூக்கில் ஏறும் என்று மிஷின் சொல்லிவிடும், நாம் தும்மும்போது கூடவே ஒரு தும்மல் போட ஆள் யார் என்பதை மட்டும் அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.